பத்தாவது வரி

விடிய ஐந்தரைக்கு இலைகளைத் திருப்பத் தொடங்குவேன்.
வெயில் ஏறினால் எல்லாம் நரம்போரம் ஒடுங்கிவிடும்.
முழங்கால் மண்ணில்.
இடக்கையால் கொடியை விலக்கி
வலக்கையால் இலையின் அடிப்பக்கம்.
ஒரு அடி. பிறகு அடுத்த அடி.
தாவக்கூடாது என்பதை
எனக்குப் பயற்றை சொல்லித்தரவில்லை.

ஆறு வருடம் முகமாலையில்
இதே முழங்காலில் இருந்தேன்.
ஒரு மீற்றர் அகலப் பாதை,
தலைக்குச் சிவப்படித்த கம்புகள்,
முகக்கவசத்துக்குள் வழிகிற வேர்வை.
நிலத்தை ஒப்படைக்கிற நாளில்
ஒரு தாளில் கையெழுத்து வைப்போம்:
இங்கே இனி நடக்கலாம்.

இப்போது முத்தையன்கட்டு, இடதுகரை.
இரண்டு பரப்பு, பத்து வரி.

முளைத்த பத்தாம் நாள் ஈ வந்தது.
கடுகின் பாதி. வந்ததை யார் கண்டது,
தண்டு வீங்கி வெடித்த பிறகுதான் தெரியும்.
சாய்ந்த கன்றுகளைப் பிடுங்கி எரித்தேன்.
மிஞ்சியவற்றுக்கு அடிமண் அணைத்து
வைக்கோல் பரப்பினேன்.
வீக்கத்துக்கு மேலே புதுவேர் விட்டன, அரைவாசி.
மற்ற அரைவாசியைப் பற்றி
போதனாசிரியை தர்சிகா ஒன்றும் சொல்லவில்லை,
குறிப்புப் புத்தகத்தை மூடினா.

பிறகு அழுக்கணவன்.
நுனியெல்லாம் கறுப்பு, விரலெல்லாம் பிசின்.
எறும்புகள் காவல் நின்றன
மாடு மேய்க்கிற பெடியன்கள் மாதிரி.
சவர்க்காரத் தண்ணி அடித்தேன்.
நாலாம் நாள் புள்ளிவண்டுகள் வந்தன, கேளாமலே.
அன்றைக்குத் தாங்கியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பூத்ததும் புழு.
ஊதாப் பூ இரண்டை நூலால் தைத்து
உள்ளே குடியிருக்கும்.
கொத்தோடு கிள்ளி வாளியில் போடுகிறேன்.
பூவைக் கிள்ளினால் காயைக் கிள்ளியதுதான்,
அந்தக் கணக்குத் தெரியும் எனக்கு.

யோகேந்திரத்தின் கடையில் நீலப் போத்தல் இருக்கிறது.
"அடிச்சுப் பாரும், ஒரு புழு மிஞ்சாது."
போத்தலின் முதுகில் மூன்று மொழி.
கடைசியில் தமிழ், பொடி எழுத்து:
அறுவடைக்குப் பதினான்கு நாள் முன்னர்.
பயற்றங்காயோ ஒன்றுவிட்டு ஒருநாள் ஆய்கிற காய்.
பதினான்கு நாள் விட்டால் அது கயிறு.

போன போகம் நானும் அடித்தேன்.
அந்தியில் அடித்து, விடிய ஆய்ந்து,
கட்டுக் கட்டி லொறிக்கு ஏற்றினேன்.
ஒன்பது வரிக்குத்தான்.
வேலியோரத்துப் பத்தாவதற்கு அடிக்கவில்லை.
அது எங்கட சட்டிக்கு.
வாய்க்காலுக்கு அங்கால் செல்வகாந்தனிடமும் உண்டு
அப்படி ஒரு வரி.
எல்லாரிடமும் உண்டு, பெயர்தான் வேறு:
பிள்ளையளுக்கு விட்டது. விதைக்கு விட்டது.
சும்மா, மிச்சம்.

அந்தப் போகத்தில் ஒரு காலை
லொறிக்கார நிப்ராஸ் காசை எண்ணிக்கொண்டே
கட்டிலிருந்து ஒரு காயை உருவிக் கடித்தான்.
பச்சையாக. மொறுக்கென்று.
"தம்பி" என்றேன்.
"என்ன அக்கா" என்றான், வாயில் பாதியோடு.
"கழுவிச் சாப்பிடும்."
அவ்வளவுதான் சொன்னேன்.

லொறி போன பிறகும்
படலையில் நின்றேன்.
என் கையெழுத்தை நம்பி
எத்தனையோ பேர் காணிக்குள் இறங்கி நடந்தார்கள்.
ஒருத்தரும் திரும்பி என்னைக் கேட்கவில்லை.

இந்தப் போகம் பத்து வரியும் ஒரே வரி.
புழு கண்ட இடத்தில் ஒரு கம்பு குத்துகிறேன்,
தலைக்குச் சிவப்பு. வீட்டில் மிஞ்சிய பெயின்ற்.
அடுத்த நாள் முதலில் அங்கே.
ஏழாம் வரியில் மட்டும் ஐந்து கம்பு.
செல்வகாந்தன் வரம்பில் நின்று சிரிக்கிறான்:
"இன்னும் எடுத்து முடியேல்லையோ?"

நேற்று பதினெட்டுக் கிலோ. அவனுக்கு முப்பது.
கோணல் காய்க்கு நிப்ராஸ் விலை வெட்டினான்,
வெட்டிவிட்டு
கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கடித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காசை எண்ணினேன்.
குறைவாகத்தான் இருந்தது.